பிள்ளையின் கண்ணிமையில் பேன்: தலையில் தேடினால் கிடைக்காது

சின்னப் பிள்ளையின் இமைமயிரில் பேனோ ஈரோ இருப்பது தெரிந்தவுடன் நம் வீடுகளில் முதலில் பார்ப்பது தலையைத்தான். பேன் சீப்பு வரும், எண்ணெய் வரும். பெண்பிள்ளை என்றால் கூந்தலை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்ப்பார்கள், ஆண்பிள்ளை என்றால் மொட்டை. தலைப்பேன் கீழே இறங்கிக் கண்ணுக்கு வந்துவிட்டது என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் தலையில் பேன் என்பது புதினமில்லை, அதனால் அப்படி நினைப்பதில் ஆச்சரியமும் இல்லை. ஆனால் பெரும்பாலும் அது பிழை. இமையில் இருப்பது வேறு பேன். அது தெரியாமல் செய்கிற வைத்தியம் பிள்ளையின் கண்ணோடு நின்றுவிடும். பேன் புறப்பட்டு வந்த இடம் வீட்டுக்குள் அப்படியே இருக்கும்.

மனிதர்மேல் வாழும் பேன்கள் மூன்று. தலைப்பேன் ஒன்று. உடுப்பின் தையலுக்குள் ஒளிந்திருந்து உடம்பைக் கடிக்கும் உடற்பேன் இன்னொன்று. மூன்றாவது, பெரியவர்களின் அந்தரங்க மயிரில் வாழும் பேன். பார்ப்பதற்கு நண்டு போலிருப்பதால் நண்டுப்பேன் என்றும் சொல்வார்கள். இமைக்கு வருவது அநேகமாக இந்த மூன்றாவதுதான். தலைப்பேன் இமையில் காணப்படுவது அரிது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குழப்பமே இருக்காது. தலைப்பேன் 2 முதல் 4 மில்லிமீற்றர் நீளம், ஒடுங்கிய உடம்பு, ஆள் நல்ல ஓட்டக்காரர். நண்டுப்பேன் 1 முதல் 2 மில்லிமீற்றர்தான்; நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று, தட்டை. ஆறு கால்களில் பின்னால் உள்ள நான்கிலும் தடித்த கொடுக்குகள். ஓடுவதற்குப் படைக்கப்பட்ட உடம்பல்ல அது. ஒரு மயிரைப் பிடித்தால் விடாமல் பிடித்துக்கொண்டு, தோலில் வாயை வைத்து, இருந்த இடத்திலேயே இரத்தம் குடித்துக்கொண்டிருக்கும்.

அது ஏன் தலைக்குப் போகாமல் இமைக்குப் போகிறது என்பதற்கு விடை அந்தக் கொடுக்கில்தான் இருக்கிறது. பின்கால்களை விரித்தால் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு மயிர்களைப் பிடிக்க அதற்கு வசதி. அந்தரங்கப் பகுதியில், அக்குளில், ஆண்களின் நெஞ்சில், தாடியில் மயிர் அப்படி ஐதாகத்தான் இருக்கும். தலைமயிர் மிக நெருக்கம், அங்கே அதற்கு நடக்கவே சிரமம். பிள்ளையின் உடம்பில் அக்குள் மயிரோ நெஞ்சு மயிரோ கிடையாது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பேன் பிள்ளையின்மேல் ஏறிவிட்டால் அதற்குத் தோதான தடிப்பும் இடைவெளியும் உள்ள இடம் இமையும் புருவமும்தான். சில நேரம் நெற்றியோரத்து மயிரிலும் தங்கும். மற்றபடி, மொட்டை அடித்தால் பிள்ளையின் தலைதான் வெறுமையாகும், இமை இருந்தபடி இருக்கும்.

இந்தப் பேனின் மிக நெருங்கிய உறவு கொரில்லாவின்மேல் வாழும் பேன். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், 30 இலட்சம் வருடங்களுக்கும் முன்னர் கொரில்லா வழியிலிருந்து நம் முன்னோருக்கு இது தொற்றியிருக்க வேண்டும் என்கிறார்கள். கட்டுரைக்கு இது அவசியமில்லைதான். ஆனால் இமைப்பேன் வந்த வீட்டை ஊத்தை வீடு என்று பேசுகிறவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்: இது நேற்று வந்த விருந்தாளி அல்ல. தினம் குளிக்கிற, சவர்க்காரம் போடுகிற உடம்பிலும் இது சுகமாக வாழும். மயிரை இறுகப் பிடித்திருக்கும் பேனை வாளித் தண்ணீர் ஒன்றும் செய்யாது.

எப்படித் தெரியும்?

பிள்ளை கண்ணைக் கசக்கும். இமையோரம் சிவந்திருக்கும், காலையில் கொஞ்சம் பீளை. இது கண்ணோய்க்கும் வரும், தூசு ஒவ்வாமைக்கும் வரும், இமையோர அழற்சிக்கும் வரும். அதனால்தான் இந்தப் பிள்ளைகள் பல தடவை வேறு நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். முதலில் பாமசியில் ஒரு சொட்டு மருந்து, இரண்டு நாள் கழித்து ஓ.பி.டி.யில் இன்னொரு போத்தல், அடுத்த கிழமை ஒரு ஒயின்ட்மென்ட். கசக்கல் கொஞ்சம் குறையும், பிறகு திரும்ப வரும். கூட்டம் நிறைந்த ஓ.பி.டி.யில் அழுகிற இரண்டு வயதுப் பிள்ளையின் இமையோரத்தை உருப்பெருக்கி இல்லாமல் பார்த்து, அங்கே இருக்கிற 1 மில்லிமீற்றர் அயரு உயிருள்ளதா என்று கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. டொக்டரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. பேன் கிட்டத்தட்ட நிறமில்லாதது, கண்ணாடி மாதிரி ஊடுதெரியும் உடம்பு. தலையைத் தோலுக்குள் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். இரத்தம் குடித்தபின் கபில நிறமாகத் தெரிந்தாலும் அதை உலர்ந்த அயரு என்றே கண் எடுத்துக்கொள்ளும்.

கண் வைத்தியப் பிரிவில் நாடியை வைத்துக் குனிந்து பார்க்கும் அந்த ஒளிக்கீற்று நுணுக்குக்காட்டியில் வைத்துவிட்டால் நிமிடத்தில் தெரிந்துவிடும். கால் அசையும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை நன்றாகத் தூங்கும்போது போன் கமராவை நன்றாகப் பெரிதாக்கி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழ, இமையோரத்தைப் படம் எடுங்கள். டோர்ச்சை நேரே கண்ணுக்கு அடிக்க வேண்டாம். படத்தில் பார்க்க வேண்டியவை: மயிரின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய, முத்துப் போல மினுங்கும் நீள்வட்ட மணிகள், அதாவது ஈர், இமைத்தோலில் கருஞ்சிவப்புப் பொடி, அது பேனின் எச்சம், கால் முளைத்த அயரு போலிருக்கும் பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் இமையை மெதுவாகத் துடைத்தால் சாதாரணச் செதிளும் காய்ந்த பீளையும் வந்துவிடும். ஈர் வராது, பெண்பேன் அதை ஒருவகைப் பசையால் மயிரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. அந்தப் படத்தை டொக்டரிடம் காட்டுங்கள். ஓ.பி.டி.யிலிருந்து கண் கிளினிக்குக்கு அனுப்புவதற்கு அது பெரிய உதவி.

ஒரேயொரு பூச்சி, மிளகு அளவில், சாம்பல் நிறத்தில், இமையில் உறுதியாக ஒட்டியிருந்தால் அது உண்ணியாகவும் இருக்கலாம். மாடும் ஆடும் நாயும் சுற்றித் திரிகிற வளவுகளில் விளையாடும் பிள்ளைகளுக்கு உண்ணி ஏறுவது நம் நாட்டில் தெரிந்த விஷயம். காதுக்குள் ஏறுவது இன்னும் அதிகம். அதை வீட்டில் பிய்க்கக் கூடாது. வாய்ப்பகுதி முறிந்து உள்ளே தங்கிவிடும். இன்னொன்று, இமைப்பேன் மாட்டிலிருந்தோ பூனையிலிருந்தோ கோழியிலிருந்தோ வருவதில்லை. அது மனிதரில் மட்டும் வாழ்வது.

பேன் கடிக்கும்போது விடுகிற எச்சிலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புத்தான் சொறி. முதல் தடவையென்றால் அந்தச் சொறி தொடங்கவே பல நாட்கள் பிடிக்கலாம், அதற்குள் ஈர் வைத்தாகிவிட்டிருக்கும். பெண்பேன் நாளைக்கு ஏறக்குறைய 3 ஈர் வைக்கும், வாழ்நாளில் 30 அளவில். ஈர் பொரிக்க 6 முதல் 10 நாட்கள். குஞ்சு மூன்று முறை தோலுரித்து 2 முதல் 3 கிழமைகளில் பெரிய பேனாகும், அதன்பிறகு மூன்று நான்கு கிழமை உயிரோடு இருக்கும். மனித உடம்பை விட்டு விழுந்துவிட்டால் இரத்தமில்லாமல் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் செத்துவிடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் டொக்டர் ஏன் பத்து நாள் என்கிறார், ஏன் திரும்ப வரச் சொல்கிறார் என்பது விளங்கும்.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. தைபஸ் போன்ற காய்ச்சல்களைப் பரப்புவது உடற்பேன். நண்டுப்பேன் அப்படி நோய் காவுவதாகத் தெரியவில்லை. பார்வைக்கும் பொதுவாக ஆபத்தில்லை. கசக்கிக் கசக்கிப் புண்ணாகிக் கிருமி தொற்றுவதும், அரிதாகக் கருவிழியோரத்தில் அழற்சி வருவதும்தான் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

கண்ணில் போடக் கூடாதவை

பேன் என்றதும் மண்ணெண்ணெய் ஞாபகம் வருகிற தலைமுறை இன்னும் இருக்கிறது. தலைக்கே அது ஆபத்து. தோலைச் சுடும், தீப்பிடிக்கும். கண்ணுக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. பாமசியில் விற்கிற பேன் லோஷன், அதிலுள்ளது பேர்மெத்ரின் என்றாலும் வேறு எது என்றாலும், இமைக்குப் போடுவதற்கில்லை, கருவிழியைக் கெடுக்கும். வேப்பெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய், பூச்சி மருந்துப் பவுடர் எல்லாம் இதே கணக்குத்தான். கண்ணுக்குத் தாய்ப்பால் விடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் பேன் சாகாது, நாள்தான் போகும். தையல் ஊசியாலும் புருவம் பிடுங்கும் இடுக்கியாலும் வீட்டில் பிள்ளையை நாலுபேர் அமத்திப் பிடித்துக்கொண்டு ஈர் எடுக்கப் போகிறவர்களை என்ன சொல்வது! பிள்ளை ஒருதரம் தலையை அசைத்தால் ஊசி கண்ணுக்குள்.

ஆஸ்பத்திரியில் செய்வதும் எடுப்பதுதான். ஆனால் நுணுக்குக்காட்டிக்குக் கீழே, நுனி மெலிந்த இடுக்கியால், ஒவ்வொரு பேனாக, ஒவ்வொரு ஈராக. பெரிய பிள்ளை பொறுமையாக இருக்கும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையை இருத்தி வைக்க முடியாமல் சில நேரம் மயக்கம் கொடுத்துச் செய்ய நேரலாம். இமைமயிரைக் கத்தரித்துவிடுவதும் ஒரு வழி. பேன் பிடிப்பதற்கு மயிர் இல்லை, ஈரும் மயிரோடு போய்விடும். மயிர் திரும்ப வராதோ என்று தாய்மார் கலங்குவார்கள். வரும், ஓரிரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

அதிகம் எழுதிக்கொடுப்பது கண்ணுக்கென்று தயாரித்த பெற்றோலியம் ஜெலி. நாளைக்கு 2 முதல் 4 தடவை, 8 முதல் 10 நாட்கள் இமையோரத்தில் தடித்துப் பூச வேண்டும். இதில் விஷம் ஒன்றுமில்லை. பேனின் மூச்சுத் துவாரங்களை அடைத்துவிடும், அவ்வளவுதான். ஈரை அது கொல்லாது. அதனால் கடைசி ஈர் பொரித்து வெளியே வரும்வரை பூச்சு இருந்தாக வேண்டும், 8 முதல் 10 நாள் என்கிற கணக்கு அங்கேதான் வருகிறது. மூன்றாம் நாள் சொறி நின்றவுடன் விட்டுவிட்டால் அடுத்த கிழமை மறுபடி தொடக்கம். வீட்டில் இருக்கிற வாசனை போட்ட வசலினைப் பூசாமல் டொக்டர் தருவதையே பூசுங்கள், வாசனைச் சேர்க்கை கண்ணை எரிக்கும். சில நாடுகளில் பைலோகார்பின் ஜெல் பயன்படுத்துகிறார்கள். வாயால் கொடுக்கும் ஐவர்மெக்டின் பிடிவாதமான தொற்றுக்கு ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை கொடுக்கப்படுவதுண்டு, ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. இமைப்பேன் வருகிற சின்னப் பிள்ளைகள் பலர் அந்த எடைக்குள் இருக்கலாம் என்பது இதிலுள்ள சங்கடம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் கண் வைத்தியப் பிரிவு உண்டு. அரச ஆஸ்பத்திரி என்றபடியால் காசு இல்லை. மற்ற ஊர்க்காரர் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் ஓ.பி.டி.க்குப் போனால் அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள்.

பிள்ளை இரவில் யாரோடு படுக்கிறது?

கண் வைத்தியம் முடிந்தது. இனித்தான் கஷ்டமான பகுதி.

நண்டுப்பேன் பறக்காது, பாயாது, ஓடவும் மாட்டாது. ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போக இரண்டும் நெருங்கிக் கிடக்க வேண்டும், அல்லது சற்றுமுன் ஒருவர் படுத்த பாயில், துடைத்த துவாயில், போர்த்திய சாரனில் இன்னொருவர் உடனே புழங்க வேண்டும். பெரியவர்களுக்கிடையில் இது முக்கியமாக உடலுறவால் பரவுகிறது. சின்னப் பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் ஒரே படுக்கையால்: தகப்பனின் நெஞ்சில் படுத்துத் தூங்குவது, தாயின் அக்குளுக்குள் முகம் புதைத்துக் கிடப்பது, தாடிக்குள் முகத்தைத் தேய்ப்பது.

இங்கே கிழக்கின் குடும்ப அமைப்பைக் கணக்கில் எடுக்காமல் பேச முடியாது. கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம், தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும். வீடு மகளுக்குப் போகும். தாயும் தகப்பனும் அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இருப்பார்கள். பிள்ளை வளர்வது அம்மம்மாவின் கையில், உம்மம்மாவின் கையில், சித்தியோடு, சாச்சியோடு, கல்யாணம் கட்டாத மாமாவோடு. தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு கிழமைக்குள் ஒரு பிள்ளை மூன்று நான்கு பேரோடு மாறி மாறிப் படுத்து எழும்பும். அது இந்தப் பிரதேசத்தின் பெரிய பலம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இமைப்பேன் வந்தால் தேட வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை அதனால் கூடுகிறது. தாயும் தகப்பனும் மருந்து போட்டுக்கொண்டு, பிள்ளை பகல் தூக்கம் போடுகிற மாமாவின் படுக்கையை மறந்துவிட்டால் பேன் அங்கிருந்து திரும்பி வரும்.

"பிள்ளை ராவில ஆரோட படுக்கிற மகள்?" என்று மிட்வைஃப் கேட்டால் அது துருவுகிற கேள்வி அல்ல, வைத்தியத்தில் பாதி அந்தக் கேள்விதான். அதற்கு நேர்மையான பதில் வராமல் போவதற்குக் காரணம் வெட்கம். எந்த இடத்தில் பேன் என்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி வரும், புருசன் பெண்சாதிக்குள் சண்டை வரும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்மேல் சந்தேகம் விழும். ஆகவே எல்லாரும் பிள்ளையின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் பெரியவர்களுக்கான வைத்தியம் பிள்ளையினுடையதை விட லேசு: டொக்டர் எழுதிக்கொடுக்கும் 1 வீதப் பேர்மெத்ரின் மருந்தைப் பூசி 10 நிமிடம் வைத்துக் கழுவுவது, 9 அல்லது 10 நாள் கழித்துப் பேன் இருந்தால் இன்னொரு தடவை. ஒரே நாளில் எல்லாரும் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். மயிரைச் சிரைத்துவிடுவதும் உதவும். முஸ்லிம் வீடுகளில் அக்குள் மயிரையும் அந்தரங்க மயிரையும் 40 நாளுக்கு மேல் விடாமல் களைவது மார்க்க வழக்கமாகவே இருப்பதால் அங்கே பேனுக்கு இடம் குறைவு, ஆனால் நெஞ்சும் தாடியும் மிச்சம் இருக்கின்றன. அவற்றையும் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவரில் இந்தப் பேன் இருப்பது தெரிந்தால் மற்றப் பாலியல் தொற்றுகளுக்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அரச பாலியல் நோய் கிளினிக்குகளில் அதை இரகசியமாகவே செய்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதைத் தவிர்க்க எனக்கு மனமில்லை. பிள்ளையின் இமையில் இந்தப் பேன் இருப்பது பாலியல் துஷ்பிரயோகத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே எச்சரிக்கிறது. அதைக் கேட்டவுடன் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். ஒரு பக்கம், யாரையாவது உடனே குற்றவாளியாக்கிவிடுவது. ஒன்றாகப் படுத்தாலே பேன் வரும் என்பது மருத்துவத்தில் நன்றாகப் பதிவான விஷயம், எனவே பேன் மட்டும் ஆதாரமாகாது. மறுபக்கம், "எங்கட வீட்டில அப்பிடி ஒண்டுமில்ல" என்று கேள்வியையே வாசலில் நிறுத்திவிடுவது. இரண்டாவதுதான் நம்மிடம் அதிகம் என்பது என் எண்ணம், ஆபத்தும் அதில்தான் கூட. டொக்டர் பிள்ளையின் உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்றால் விடுங்கள். தாயைத் தனியே கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லுங்கள். காயம், இரத்தக்கசிவு, ஒருவரைக் கண்டாலே பிள்ளை ஒதுங்குவது, திடீரென்று படுக்கையில் சலம் போகத் தொடங்குவது போன்ற வேறு அடையாளங்கள் சேர்ந்திருந்தால் ஆஸ்பத்திரியே சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும். சந்தேகம் உள்ள எவரும், பக்கத்து வீட்டுக்காரரும்கூட, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. அழைப்பு 24 மணித்தியாலமும் எடுக்கப்படும்.

வீட்டைச் சுத்தம் செய்வதில் பலர் தேவைக்கு மேல் மினக்கெடுகிறார்கள். சுவருக்கும் நிலத்துக்கும் பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். இரண்டு நாள் கழிந்த பேன் செத்த பேன். கடந்த இரண்டு மூன்று நாட்களில் பாவித்த பெட்சீட், தலையணை உறை, துவாய், சாரன், உள்ளுடுப்பு ஆகியவற்றைக் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, சித்திரை வெயில் என்றில்லை, எந்த நல்ல வெயிலிலும் காயப்போட்டால் போதும். துவைக்க முடியாத இலவம்பஞ்சுத் தலையணையைப் பெரிய பொலித்தீன் பையில் போட்டு வாய் கட்டி இரண்டு கிழமை ஒதுக்கி வையுங்கள். பன்பாயைத் துடைத்து வெயிலில் போடலாம். வைத்தியம் நடக்கிற நாட்களில் பிள்ளைக்கென்று தனித் துவாய், தனித் தலையணை.

முன்பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டால், வைத்தியம் தொடங்கியபின் அனுப்பலாம். பக்கத்தில் இருந்து விளையாடுவதால் இது பரவுவது மிகக் குறைவு. தலைப்பேனோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஒரே பாயில் பகல் தூக்கம் போட வைக்கிற இடமென்றால் மட்டும் ரீச்சரிடம் தனிப்பாய் கேட்டுக்கொள்ளுங்கள், காரணத்தை விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் வைத்தியம் முடிந்து ஒரு கிழமை அளவில் மறுபடி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும், அந்தத் திகதியைக் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது உயிருள்ள பேன் இருந்தால் இரண்டே காரணம்: ஏதோ ஈர் தவறிவிட்டது, அல்லது வீட்டில் ஒருவர் மருந்து போடவில்லை. மயிரின் அடியை விட்டு நுனிப்பக்கம் தள்ளி, வெள்ளையாக வெறுங்கூடாக நிற்கிற ஈர்கள் மட்டும் இருந்தால் அவை பொரித்து முடிந்தவை, மயிர் உதிரும்போது தானாகப் போய்விடும்.